பழைய எஞ்சினில் எண்ணெய் ஒழுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் தந்தையார் 1996-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களாக அது நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தின் அடிப்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்த மெக்கானிக் ஒருவர், கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பின்பக்க ஆயில் சீல் (எண்ணெயை வெளியே விடாத ரப்பர் வளையம்) போய்விட்டது என்றும், கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். வாகன வேலையில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. ஆனாலும் இந்த வேலையை என் கையால் செய்து பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்? வெளியே சிலிக்கான் பசையைப் பூசினால் ஒழுக்கு நின்றுவிடாதா?
– வாசகர் ஒருவர், குலசேகரம்

பதில்: கியர்பாக்ஸை இறக்கும் பேச்சைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அடியில் ஈரம் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. ஓட்டு வீட்டில் ஓர் ஓடு உடைந்தால் மழைநீர் கழுக்கோல் வழியாக ஓடி வேறோர் அறையில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினிலும் எண்ணெய் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மேலே கசிவது சுவரோடு வழிந்து கீழே வருகிறது. வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கடைசியில் எது தாழ்ந்த முனையோ அங்கிருந்து சொட்டுகிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தை.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால், காலையில் நிறமும் இடமும் தெளிவாகத் தெரியும். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எஞ்சின் ஆயில். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து, விரலில் தொட்டால் நீர்போல் ஓடி, சற்றே இனிப்பான வாடை வந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துக்கு அருகே நிறமற்றோ இளமஞ்சளாகவோ வழுவழுப்பாக ஒன்று இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கக்கூடும். அப்படியானால் அந்த வண்டியை அங்கிருந்து நகர்த்தவே வேண்டாம். பெட்ரோல் வாடை வந்தாலும் அதே கண்டிப்பு வேண்டும்.

எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்தபின், ஸ்பேனரைத் தொடாமல் எஞ்சினைக் கழுவுங்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போல் ஒட்டியிருக்கும் எஞ்சினில் எந்தக் கசிவையும் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்வது), ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) ஆகிய மூன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். கடையில் கிடைக்கும் டிகிரீசரையோ மண்ணெண்ணெயையோ தூரிகையால் தடவி, ஊறவிட்டு, வேஸ்ட் துணியால் துடைத்தெடுங்கள். பெட்ரோலால் கழுவுவதை அறவே தவிர்க்க வேண்டும். அதன் ஆவி தாழ்ந்த இடங்களில் தங்கி நிற்கும்; ஒரு சிறு பொறி போதும். நன்றாக உலர்ந்தபின், சந்தேகமான இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, குலசேகரத்திலிருந்து திருவட்டாறு வரை போய்த் திரும்பும் அளவுக்கு ஓட்டிவிட்டு, டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியின்மேல் கறுப்புக் கோடு எங்கிருந்து இறங்குகிறதோ அதுதான் ஊற்று. ஒரே ஓட்டத்தில் தெரியாவிட்டால், பொறுமையோடு இரண்டு மூன்று நாள் இதே வேலையைச் செய்யுங்கள். பழுதுபார்க்கும் வேலையில் பாதிக்கு மேற்பட்டது இந்தத் தேடல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் காரில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர். கார்புரேட்டர் உள்ள மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டால் சுழலும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், சரியாகக் கியர்பாக்ஸ் இருக்கும் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் ஓ ரிங்கோ, அடியில் உள்ள பேக்கிங்கோ (இரு பாகங்களுக்கு இடையே கசியாமல் வைக்கும் மெல்லிய அடைப்பு) கெட்டிப்பட்டுவிட்டால், கசியும் எண்ணெய் நேராக எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் மேல்தான் வழியும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது பின்பக்க ஆயில் சீல் போனதைப் போலவே தோன்றும். விலை மிகக் குறைந்த ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கி, சீலையும் மாற்றி, ஏற்றி முடித்த பிறகும் அதே இடத்தில் எண்ணெய் சொட்டினால் அந்த வீட்டார் எவ்வளவு நொந்துபோவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது டேப்பட் கவரின் (ஹெட்டின் உச்சியில் உள்ள மூடி) பேக்கிங். அதற்குக் கீழே, கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் பக்கத்தில் கேம் ஷாஃப்ட் சீலும், இன்னும் கீழே கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க சீலும் இருக்கின்றன. அவற்றில் கசிவு இருந்தால் பெல்ட் மூடியின் அடிவிளிம்பில் ஈரம் தெரியும். டைமிங் பெல்ட்டின் மீது எண்ணெய் படுவது ரப்பரைக் கெடுத்துப் பெல்ட்டின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், அந்தக் கசிவை நாள் கடத்தக் கூடாது. ஒற்றை ஒயர் செருகியிருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், சம்பின் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) வடிகால் போல்ட்டில் இருக்கும் வாஷர் ஆகியவையும் அடிக்கடி குற்றவாளிகளாக அகப்படுகின்றன. ஃபில்டரில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பாராமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பியவுடன் எண்ணெய் பீறிட்டு வெளியேறும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஓரளவு வாயு கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறை) இறங்குவது எல்லா எஞ்சினிலும் இயல்பு. அந்த வாயுவை வெளியே எடுக்க ஒரு பிரீதர் குழாய் உண்டு. பழைய கார்களில் அது பெரும்பாலும் ஏர் கிளீனருக்குப் போகும். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். நீங்கள் ஒரு சீலை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று கசியும். எனவே அந்தக் குழாயைக் கழற்றி, ஊதிப் பார்த்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து மாட்டுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் புதியதைப் போடுங்கள். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, எடுக்காமல் அப்படியே வாயின்மேல் வைத்துப் பாருங்கள். லேசாக அசைந்தால் கவலையில்லை. மூடி குதித்து, அடியிலிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளினால், ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த எஞ்சினுக்குப் பேக்கிங் மாற்றுவது மட்டும் நிரந்தரத் தீர்வாகாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலையாக டேப்பட் கவர் பேக்கிங்கை எடுத்துக்கொள்வது நல்லது. காரை ஜாக்கியில் ஏற்ற வேண்டியதில்லை, பெரிய கருவியும் தேவையில்லை, தவறினாலும் மீண்டும் கழற்றிப் போடலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு குழாயையும் ஒயரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவரைத் தூக்கியதும் பழைய பேக்கிங் துண்டு துண்டாக ஒடிந்து, ஹெட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு அது கெட்டியாகியிருக்கும். ஒழுக்குக்குக் காரணமே அந்தக் கெட்டித்தன்மைதான். அதைச் சுரண்ட ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஹெட் அலுமினியத்தால் ஆனது. இரும்பு முனை இழுத்த ஒரு கீறல் போதும், புதிய பேக்கிங் போட்ட பின்னும் அந்தக் கீறல் வழியாக எண்ணெய் கசியும். பிளாஸ்டிக் சுரண்டியோ, கூராகச் சீவிய மூங்கில் பத்தையோ நன்றாக வேலை செய்யும். சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி, திறந்திருக்கும் குழிகளைச் சுத்தமான துணியால் மூடிக்கொள்ளுங்கள். முடித்ததும் அந்தத் துணிகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

கழற்றிய கவரை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் கவிழ்த்து வைத்து, விளிம்பு முழுவதும் படிகிறதா என்று பாருங்கள். ஒழுகுகிறதே என்று யாரோ முறுக்கிமுறுக்கி வைத்ததில், தகட்டுக் கவராக இருந்தால் போல்ட் துளைகளைச் சுற்றி உள்வாங்கியிருக்கும். அதை ஒரு மரக்கட்டையின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கலாம். புதிய பேக்கிங்கை வைக்குமுன் இரு பரப்புகளிலும் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, எதிரெதிராக, இரண்டு சுற்றாக முறுக்க வேண்டும். இங்குதான் புதியவர்கள் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 6 மி.மீ. போல்ட் ஒன்று பொதுவாக 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கத் தக்கதன்று. பேக்கிங் வைத்த கவருக்கு அதில் ஏறக்குறையப் பாதியே போதும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஸ்பேனரின் தலைக்கு அருகே இரண்டு விரலால் பிடித்து முறுக்குங்கள். பேக்கிங் சற்றே அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு, தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்தால் போதுமானது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவது இதைவிட ஒரு படி கூடுதலான வேலை. அதை எடுக்குமுன், உடலுக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுங்கள். மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் துண்டான ரோட்டார் எந்தத் திசையை நோக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல் சக்கரத்தால் சுழல்வது என்பதால், வெளியே இழுக்கும்போது ரோட்டார் சற்றுத் திரும்பும். திரும்பி நின்ற நிலையையும் குறித்துவைத்தால் திரும்பப் பொருத்துவது எளிது. கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் எஞ்சினைச் சுற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் அடையாளமிட்டுக் கழற்றுங்கள். இந்த எஞ்சினின் எரிவரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-2. வேலை முடிந்ததும் டைமிங் லைட் உள்ள ஒருவரிடம் காட்டி இக்னிஷன் டைமிங்கை (பொறி விழும் நேரம்) சரிபார்த்துவிடுங்கள்.

வெளியே சிலிக்கான் பூசுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் ஊறிய பரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. உள்ளிருந்து தள்ளும் எண்ணெய் அதை ஒரு வாரத்தில் உரித்துவிடும். போதாக்குறைக்கு, உண்மையான கசிவை அந்தப் பசை மறைத்துவிடுவதால் அடுத்து வருபவருக்குத் தேடல் இரட்டிப்பாகும். உள்ளே பசை தேவைப்படும் சம்ப் போன்ற இடங்களிலும், எண்ணெயைத் தாங்கும் எஞ்சின் சிலிக்கானைத்தான் வாங்க வேண்டும். புளிக்காடி வாடை அடிக்கும் கண்ணாடிச் சிலிக்கான் இதற்கு உதவாது. அளவும் மெல்லிய ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. மிகுதியாக வைத்தால் உள்பக்கம் பிதுங்கி, ஒருநாள் துண்டாகி, ஆயில் பம்பு உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். எண்ணெய் ஒழுகியதால் எஞ்சின் கெட்டது என்பதைவிட, ஒழுக்கை அடைக்க வைத்த பசையால் எஞ்சின் பிடித்துக்கொண்டது என்பது மிகவும் வருந்தத்தக்கது.

இவ்வளவும் செய்து மேலே எல்லாம் உலர்ந்திருக்க, கியர்பாக்ஸ் சேருமிடத்தின் அடியில் மட்டும் தொடர்ந்து சொட்டினால், அப்போது உங்கள் மெக்கானிக்கின் கூற்றை ஏற்கலாம். அங்கேயும் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி வந்தால் கசிவது கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் சீல். எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க் சீல். இந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுபவமுள்ளவர் ஒருவரோடு நின்று உதவி செய்யுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். படிந்திருந்தால், மலைப்பாதையில் ஏறும்போது கிளட்ச் நழுவும். பேச்சிப்பாறைப் பக்கம் போய்வரும் உங்களுக்கு அது நாள்தோறும் தொல்லையாகும்.

சம்ப் பக்கம் வேலை வந்து காரைத் தூக்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உங்கள் பகுதியின் செம்மண் முற்றம் மழையில் இளகி ஜாக்கி புதைந்துவிடும். சமமான சிமென்ட் தரையில், இரும்பு ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் உடைந்துவிடும் என்பதால் அவற்றின்மேல் காரை நிறுத்தவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஜீப்பின் பேக்கிங் கடையில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமில்லை. டயர் டியூபை அளவாக வெட்டி வைத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், அருமனை

பதில்: அருமை ஐயா, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். நம் மாவட்டத்துத் தோட்டங்களில் பால் எடுத்துச் செய்யும் இயற்கை ரப்பர், இழுவைக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுப்பதில் சிறந்தது. ஆனால் கனிம எண்ணெயை உறிஞ்சி ஊதிப் பெருக்கும் குணம் அதற்கு உண்டு. டியூபுகளில் பயன்படும் பியூட்டைல் ரப்பரும் எண்ணெய்க்கு ஈடுகொடுக்காது. வெட்டி வைத்த துண்டு சில நாள்களில் உப்பி, கொழகொழவென்று ஆகி, போல்ட்டுகளின் நடுவே வெளியே பிதுங்கிவிடும். ஆயில் சீல்களும் ஓ ரிங்குகளும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் செய்யப்படுவது இதனால்தான். அதிக வெப்பம் படும் இடங்களுக்கு அதனினும் உயர்ந்த வைட்டான் ரகம் உண்டு.

ஆனால் பேக்கிங்கை நாமே வெட்டிக்கொள்ளலாம் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் எண்ணெய் தாங்கும் கார்க் ஷீட்டும் பேக்கிங் பேப்பரும் வாங்கலாம். பழைய பேக்கிங்கின் ஒரு துண்டைக் கொண்டுபோய் அதே கனத்தில் வாங்குங்கள். கனம் மாறினால் சில இடங்களில் உள்ளே இருக்கும் இடைவெளியும் மாறிவிடும். மூடியின் விளிம்பில் கரியைத் தடவி, தாளின்மேல் அழுத்தி அச்சு எடுத்து, போல்ட் துளைகளை முதலில் குத்திவிட்டு, பிறகு வெளிவிளிம்பை வெட்டுங்கள். எண்ணெய் போகும் துளை ஒன்றுகூட மறைந்துவிடக் கூடாது. சிலிண்டர் ஹெட் பேக்கிங்கை மட்டும் வீட்டில் வெட்ட முயல வேண்டாம். அது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது.

கேள்வி: கடலோரத்தில் வசிக்கிறேன். காரின் ஆயில் சம்பைக் கழற்ற முயன்றபோது இரண்டு போல்ட்டுகள் தலை ஒடிந்துவிட்டன. மீதியுள்ளவற்றை எப்படிக் கழற்றுவது?
– வாசகி ஒருவர், குளச்சல்

பதில்: உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில், ஒழுக்கைவிடத் துருதான் பெரிய எதிரி. மீதியுள்ள போல்ட்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். கம்பித் தூரிகையால் வெளித்துருவைத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று சில நாள் விடுங்கள். கழற்றும்போது ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை உள்ளது துருப்பிடித்த தலையை வழுக்கிவிடும். முதலில் முறுக்கும் திசையில் ஓர் இழை அளவு அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். நகர்ந்ததும் உற்சாகத்தில் இழுத்துவிடாமல், முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

ஒடிந்த இரண்டில், தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்பலாம். உள்ளே மட்டமாக ஒடிந்திருந்தால் லேத் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். துளையிடும்போது நடுவிலிருந்து விலகினால், பிளாக்கின் மரையே போய்விடும். கழற்றிய சம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளிருந்து பாருங்கள். கடலோர வண்டிகளில் பெயின்ட்டுக்கு அடியில் தகடு அரித்து, ஊசிமுனை அளவு துளை விழுந்திருப்பது உண்டு. அதற்கு எந்தப் பேக்கிங்கும் மருந்தாகாது. திரும்பப் போடும்போது புதிய போல்ட்டுகளின் மரையில் சிறிது கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தத் துன்பம் இராது. கிரீஸ் தடவிய போல்ட்டை வழக்கத்தைவிடக் குறைவாகவே முறுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: கனமான எண்ணெய் ஊற்றினால் ஒழுக்கு நின்றுவிடும் என்கிறார்களே? ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதையும் ஊற்றலாமா?
– வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: கனமான எண்ணெய் மெதுவாக ஒழுகும், நிற்காது. உங்கள் எஞ்சினுக்கு 20W-40 (எண்ணெயின் கனத்தைக் குறிக்கும் எண்) என்று கையேடு சொல்லியிருந்து, எஞ்சினும் நன்கு தேய்ந்திருந்தால், 20W-50 ஊற்றுவதில் நம் ஊர் வெப்பத்துக்குப் பெரிய கேடு வராது. அதற்கும் மேலே போவது, காலையில் கிளப்பியவுடன் மேல்பாகங்களுக்கு எண்ணெய் ஏறுவதைத் தாமதப்படுத்தும். டப்பா மருந்து, கெட்டிப்பட்ட ரப்பர் சீல்களைச் சற்றே மிருதுவாக்கி ஊதவைக்கிறது. ஆகவே சீல் கசிவில் சில மாதம் பலன் தெரியலாம். கார்க் பேக்கிங் ஒடிந்ததற்கோ, போல்ட் தளர்ந்ததற்கோ அது எதையும் செய்யாது. நான் பரிந்துரைப்பதில்லை. ஒழுக்கு இருக்கும்வரை வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, ஆறிய எஞ்சினில் அளவுக்குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் ஒழுகி அழிந்த எஞ்சின்கள் பெரும்பாலும் அளவு பாராததால்தான் அழிந்தன. எண்ணெய், எரிந்த புகை வெளியேறும் சூடான குழாயான எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டிப் புகைந்தால் மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அது தீப்பிடிக்கக் கூடியது.

கேள்வி: எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர்போல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஹெட் பேக்கிங் போய்விட்டதா?
– வாசகர் ஒருவர், திங்கள்நகர்

பதில்: உடனே அஞ்ச வேண்டாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் கார் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே குளிர்ந்த ஈரம் எண்ணெயோடு கலந்து மூடியில் அப்படிப் படியும். மூடியைத் துடைத்துவிட்டு, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவந்து பாருங்கள். திரும்பப் படியாவிட்டால் அது மழை ஈரம்தான். படிந்தால், அளவுக்குச்சியிலும் அதே நிறம் இருக்கிறதா, ரேடியேட்டர் நீர் குறைகிறதா, ஆறிய எஞ்சினை மூடி திறந்து கிளப்பும்போது ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று உறுதியானாலும் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைச் சில நாள்களிலேயே தின்றுவிடும்.

கேள்வி: பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருக்கிறேன். இடப்பக்கச் செயின் கவரில் எண்ணெய் வழிகிறது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை. மேலும், பல வாரம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் புகை கக்குகிறது.
– வாசகர் ஒருவர், கருங்கல்

பதில்: முறுக்கியதுதான் நிற்காமைக்குக் காரணமாக இருக்க வேண்டும். அந்தப் பிரைமரி கவர் நடுவிலுள்ள ஒற்றை நட்டாலும் விளிம்பைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் பட்டையாலும் மட்டுமே மூடப்படுகிறது. நட்டை மிகுதியாக முறுக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி, விளிம்பு விரிந்து, எண்ணெய் இன்னும் நன்றாக வழியும். கவரைக் கழற்றி, விளிம்பைச் சமதளத்தில் வைத்துச் சரிபார்த்து, புதிய ரப்பர் பட்டையை முறுக்கில்லாமல் பதித்து, அளவாக முறுக்குங்கள்.

புகை தனி விஷயம். அந்த எஞ்சினில் எண்ணெய் தங்கும் அறையிலிருந்து, நீண்ட நாள் நிறுத்திவைக்கும்போது, பம்பைத் தாண்டி எண்ணெய் கிராங்க் அறைக்குள் மெல்ல இறங்கிவிடும். கிளப்பியதும் அது புகையாகவும் பிரீதர் வழியாகவும் வெளியேறுகிறது. சில நிமிடத்தில் அடங்கினால் பழுதன்று. நிறுத்தியிருந்த வண்டியில் அளவு பார்த்து, குறைகிறதே என்று எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். ஓட்டிச் சூடாக்கிய பிறகு பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

கேள்வி: வடித்தெடுத்த கழிவெண்ணெயைக் கரையானுக்காகத் தென்னை மூட்டில் ஊற்றுவதும், மரக்கட்டைகளில் பூசுவதும் எங்கள் பக்கம் வழக்கம். இது சரியா?
– வாசகி ஒருவர், பூதப்பாண்டி

பதில்: சரியன்று, அம்மா. எஞ்சினில் ஓடிய எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்ததில் உண்டாகும் நச்சுச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அதைத் தொடர்ந்து தோலில் படவிடுவதே தீங்கு. நம் வீடுகளில் கிணறு பெரும்பாலும் அதே வளாகத்தில் இருக்கிறது; மண்ணில் ஊற்றியது மழையோடு இறங்கி அங்கேதான் போய்ச் சேரும். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் தீங்குக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் உள்ளடக்குகின்றன. வடித்த எண்ணெயை, அது வந்த அதே புதிய எண்ணெய்க் கேனில் ஊற்றி, நீரோ கூலன்ட்டோ மண்ணெண்ணெயோ கலக்காமல் மூடி, எண்ணெய் மாற்றும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். அங்கே டிரம்மில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்கிச் செல்பவர்களிடம் கொடுப்பார்கள். எண்ணெய் தோய்ந்த வேஸ்ட் துணிகளை, விறகடுப்பு எரியும் சமையற்கட்டின் பக்கம் குவித்து வைக்காமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு, கேனோடு சேர்த்து அங்கேயே கொடுத்துவிடுங்கள்.